மூன்றாவது பொத்தான்

"ஒரு கோட்டும் பேண்ட்டும் முழுசாத் தைக்கக் கத்துக்கணும். எத்தனை நாளாகும்?" என்று கேட்டாள் அஞ்சுகம்.

"யாருக்கு?" என்றாள் ஜெசிந்தா.

"எனக்கு."

"எங்கே போட்டுட்டுப் போக?"

"விசாரணைக்கு."

ஜெசிந்தா மிஷினின் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

*

அஞ்சுகத்துக்கு வயது ஐம்பத்தொன்று. ஜெசிந்தாவுக்கு இருபத்தெட்டு. கற்க வந்தவள் மூத்தவள்.

இருவரும் ஒரே ஏற்றுமதி ஆலையில் வேலை பார்த்தவர்கள்.

அஞ்சுகம் பத்தொன்பது வருடம் ஒரே ஒரு வேலை செய்தாள். பெண்கள் கோட்டின் இடது பாக்கெட் மூடி. வலது பாக்கெட் மூடியைப் பக்கத்து மிஷினில் இன்னொருத்தி தைத்தாள். காலர் அடுத்த வரிசை. கை அதற்கடுத்த வரிசை. முழுக் கோட்டு எப்படி இருக்கும் என்பது கடைசி மேஜைக்குத்தான் தெரியும்.

அவள் சங்கச் செயலாளரும்கூட. மூன்று வேலைநிறுத்தங்களை முன்னின்று நடத்தினாள். மூன்றும் தோற்றன.

ஜெசிந்தா வெட்டும் பிரிவில் பெருக்கினாள். அங்கே கத்திரி ஆண்களுக்கு, துடைப்பம் பெண்களுக்கு. கத்திரி பிடிப்பவரை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஆலை மூட்டை கட்டி வெளியே விற்கும். ஜெசிந்தா ஒரு மூட்டை வாங்கி வந்து வீட்டுத் தரையில் பரப்பினாள். துண்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பார்த்தாள். நடுவில் துணியில்லாத இடம் ஒன்று மிஞ்சியது.

அது ஒரு கோட்டின் முன்பக்க வடிவத்தில் இருந்தது.

அப்படித்தான் அவள் கற்றாள். பிறகு வேலையை விட்டாள். ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடியில், தன் வீட்டிலேயே மிஷின் போட்டாள். குடியிருப்பில் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றார்கள்.

அஞ்சுகம் அப்படிக் கூப்பிடவில்லை. மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்து "பாப்பா" என்றாள்.

*

"என்ன விசாரணை?" என்றாள் ஜெசிந்தா.

"உனக்குத் தெரியாதா? ஊரே சிரிக்குதே."

"நான் சிரிக்கலை. சொல்லுங்க."

அஞ்சுகம் சொன்னாள்.

அந்த வருடம் ஆலைக்குப் பெரிய ஆர்டர் வந்தது. வாங்குகிற நாட்டுக்காரர்கள் பழைய பாணி கேட்டார்கள். எண்பது வருடத்துக்கு முந்தைய ஒரு புகைப்படத்தையும் அனுப்பியிருந்தார்கள். அகலத் தோள் வைத்த கோட்டு. ஒடுங்கிய இடுப்பு. வயிற்றுக்கு மேலே ஏறிக் காலடியில் அகன்று விழும் பேண்ட்டு. அதைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டபடி கேமராவை முறைத்தாள்.

படத்தை இஸ்திரி மேஜைக்கு மேலே ஒட்டியிருந்தார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் அஞ்சுகம் அங்கே போனாள். முடிந்த கோட்டு ஒன்று தொங்கியது. அதன் இடது பாக்கெட் மூடி அவள் தைத்தது. பார்த்தவுடன் தெரிந்தது.

எடுத்துப் போட்டாள். கண்ணாடி முன்னால் நின்றாள். கழற்றி மாட்டிவிட்டு வந்து சோறு சாப்பிட்டாள்.

பதினோரு விநாடி. அது கண்காணிப்புக் கேமரா சொன்னது.

மறுநாள் மெமோ வந்தது. 'தனக்கு உரியதல்லாத உடையை அணிந்து அதன்மேல் வியர்வை படச் செய்தார்.'

"மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போட்டா வேலை. போடலைன்னா வெளியே. மாசக் கடைசித் திங்கட்கிழமை விசாரணை. அதுவரைக்கும் உள்ளே விட மாட்டாங்க" என்றாள் அஞ்சுகம். "வெளியே போனா சுத்துவட்டாரத்துல ஒரு ஆலையும் என்னை எடுக்காது. என் பேரு எல்லா வாசல்லயும் ஒட்டியிருக்கு."

ஜெசிந்தா கழுத்திலிருந்து டேப்பை எடுத்தாள்.

"மன்னிப்புக் கேட்கப் போறீங்களா, கேட்காம இருக்கப் போறீங்களா?"

"அது உனக்கு எதுக்கு?"

"ரெண்டுக்கும் அளவு வேறக்கா."

அஞ்சுகம் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"கேட்க மாட்டேன்."

"அப்போ நிமிர்ந்து நில்லுங்க."

நின்றாள். டேப் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் போனது.

"பதினஞ்சரை" என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினாள் ஜெசிந்தா.

*

"நாளைக்கு வரும்போது பெரிய காகிதம் கொண்டு வாங்க. வரைய."

அஞ்சுகம் சங்க அலுவலகப் பரணிலிருந்து பழைய சுவரொட்டிக் கட்டு ஒன்றைக் கொண்டு வந்தாள். ஜெசிந்தா ஒன்றைப் பிரித்துக் குப்புறப் போட்டாள்.

"இதைவா வெட்டப் போறே? இது ரெண்டாவது வேலைநிறுத்தம்!"

"ஜெயிச்சதா?"

"இல்லை."

"ஒட்டினீங்களா?"

"ஒட்ட விடலை. அப்படியே கட்டுல இருந்தது."

"நல்லதாப் போச்சு. பசை படாத காகிதம்" என்றாள் ஜெசிந்தா. "ஒரு கோட்டு வரைங்க."

"நீதானே வரையணும்?"

"பத்தொன்பது வருஷம் தைச்சவங்க நீங்க."

அஞ்சுகம் வரைந்தாள். இடது பாக்கெட் மூடியை முதலில் வரைந்தாள். வளைவு, மடிப்பு, இரட்டைத் தையல் ஓடும் கோடு, ஒன்றும் தவறவில்லை. பிறகு அதைச் சுற்றி ஒரு கோணியை வரைந்து இரண்டு பக்கமும் கைகளை ஒட்டினாள்.

ஜெசிந்தா வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, இது கோட்டு இல்லை. பாக்கெட்டுக்குப் பக்கத்துல இருக்கற துணி."

"கிண்டலா? நான் பத்தாயிரம் பேர் முன்னால பேசினவ."

"அதான் வாய்க்கு அளவு எடுக்கலை."

அஞ்சுகம் எழுந்துவிட்டாள். செருப்பைக்கூட மாட்டிக்கொண்டாள். ஒரு படி இறங்கினாள்.

ஜெசிந்தா கூப்பிடவில்லை. மூலையிலிருந்த கழிவு மூட்டையை இழுத்துத் தரையில் கொட்டினாள்.

அஞ்சுகம் திரும்பி வந்தாள். "இதை என்ன பண்ணணும்?"

"சேர்த்துப் பாருங்க."

"எதைப் பார்க்கணும்?"

"அங்கே இல்லாததை."

மூன்று நாள் அஞ்சுகம் தரையில் உட்கார்ந்து துண்டுகளைச் சேர்த்தாள். முழங்கால் மரத்துப்போனது. நான்காம் நாள் காலையில் கோட்டின் முதுகைப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் கையைப் பார்த்தாள்.

சாயங்காலம் சுவரொட்டியின் பின்பக்கத்தில் அவளே முழுக் கோட்டையும் வரைந்தாள். வெட்டியெடுத்தபோது முதுகுத் துண்டின் மறுபுறம் 'அஞ்சமாட்டோம்' என்று சிவப்பில் இருந்தது.

அந்த எழுத்து அவள் எழுதியது. அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

*

முதலில் மலிவான காடாத் துணியில் மாதிரி தைக்க வேண்டும். தைத்தாள். ஜெசிந்தா ஒரு தையல்கூடப் போடவில்லை.

"போட்டாச்சு. எப்படி இருக்கு?" என்றாள் அஞ்சுகம்.

"கை தூக்குங்க."

தூக்கினாள். கோட்டு முழுவதும் கையோடு மேலே வந்தது. இடுப்பு நெஞ்சுக்கு ஏறியது. காலர் காதைத் தொட்டது.

"ஆலைக் கோட்டும் இப்படித்தான் இருந்தது. கண்ணாடி முன்னால கையைத் தூக்கிப் பார்த்தேன், வரலை" என்றாள் அஞ்சுகம்.

"எதுக்குத் தூக்கினீங்க?"

"பழக்கம். நான் நிமிர்ந்து நின்னா கை தானா மேலே போயிடும்."

ஜெசிந்தா முதன்முறையாகச் சிரித்தாள்.

"அக்குள் வெட்டை இன்னும் பெரிசா வெட்டிடறேன். கை தாராளமாப் போகும்" என்றாள் அஞ்சுகம்.

வெட்டினாள். போட்டாள். தூக்கினாள்.

கோட்டு இன்னும் மேலே வந்தது.

மறுபடி வெட்டினாள். இப்போது வயிறே தெரிந்தது.

"என்னடி இது அநியாயம்! இடம் கொடுக்கக் கொடுக்க இறுக்குது?"

ஜெசிந்தா எழுந்து வந்தாள். வெட்டிய இடத்தில் ஒரு துண்டுத் துணியை வைத்துக் குண்டூசி குத்தினாள். அக்குளுக்குள் விரல்கூட நுழையாதபடி ஓட்டையைச் சின்னதாக்கினாள்.

"செத்தேன். கையே அசையாது" என்றாள் அஞ்சுகம்.

"தூக்குங்க."

கை உயர்ந்தது. காதைத் தாண்டி, தலையைத் தாண்டி, விரல் மடங்கி முட்டியாகி நேராக நின்றது.

கோட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

அஞ்சுகம் கையை இறக்காமலே கேட்டாள். "இது ஆலைக்காரனுக்குத் தெரியாதா?"

"தெரியும். படத்துல இருந்த அந்தப் பொண்ணோட கோட்டை இப்படித்தான் வெட்டியிருப்பாங்க. ஆனா இப்படி வெட்டினா ஒருத்திக்குத்தான் பொருந்தும். அவனுக்கு எல்லார் கையும் நுழையணும். தூக்கறதைப் பத்தி அவனுக்கு என்ன?"

*

நிஜத் துணி வந்தது. கருநீலம். கடையில் அதுதான் கடைசித் துண்டு. அஞ்சுகம் பேரம் பேசாமல் வாங்கியிருந்தாள். அவளுக்கே அது ஆச்சரியம்.

"பேண்ட்டை நானே வெட்டிடறேன். நீ பார்க்க வேண்டாம்" என்றாள்.

ஜெசிந்தா பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் சத்தமே இல்லை. ஜெசிந்தா திரும்பினாள்.

அஞ்சுகம் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேஜைமேல் வெட்டிய கால்கள் இருந்தன.

இரண்டும் இடது கால்.

"காகிதத்தைத் திருப்பிப் போடாம ரெண்டு தரம் வெட்டிட்டேன்" என்றாள் அஞ்சுகம். "பத்தொன்பது வருஷம் இடதே தைச்சேன். வலதுன்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துட்டேன். என்னை இப்படி ஆக்கிட்டாங்களே."

தடியடியில் கை முறிந்தபோது அழாதவள் அழுதாள்.

ஜெசிந்தா ஒரு காலை எடுத்தாள். கவிழ்த்துப் போட்டாள். இப்போது மேஜைமேல் ஒரு இடதும் ஒரு வலதும் இருந்தன.

"அது துணியோட உள்பக்கம்" என்றாள் அஞ்சுகம்.

"யார் சொன்னது?"

"ஓரத்துல மில்காரன் முத்திரை போட்டிருக்கானே. முத்திரை இருக்கற பக்கம்தான் வெளிப்பக்கம்."

"தொட்டுப் பாருங்க."

அஞ்சுகம் கண்ணைத் துடைத்துவிட்டு இரண்டையும் தடவினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நெசவு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஒரு பக்கம் நூலளவு வெளிறியிருந்தது.

"வித்தியாசம் தெரியுதா?"

"உத்துப் பார்த்தாத் தெரியும்."

"உத்துப் பார்க்கறவனைத் திருப்பி உத்துப் பாருங்க."

அஞ்சுகம் முத்திரை இருந்த ஓரத்தைக் கத்திரித்து வீசினாள்.

*

விசாரணைக்கு நான்கு நாள் இருந்தது.

கோட்டு உருவாகியிருந்தது. கடைசியாகத் தோளை முடிக்க வேண்டும். ஜெசிந்தா டேப்பை வைத்தாள். நோட்டைப் பார்த்தாள். மறுபடி டேப்பை வைத்தாள்.

"பதினஞ்சு" என்றாள்.

"அன்னிக்குப் பதினஞ்சரைன்னியே?"

"ஆமா. அன்னிக்குப் பதினஞ்சரை."

"டேப்பு சுருங்கியிருக்கும்."

"வந்ததும் பையைத் தள்ளி வச்சீங்களே. அதுல என்ன இருக்குக்கா?"

அஞ்சுகம் திரும்பிப் பார்த்தாள். துணிப்பை கதவோரம் கிடந்தது.

"சங்கத் தலைவர் வந்தார்" என்றாள். "ஆலை அடிச்சுக் கொடுத்த கடிதத்தைக் கொண்டு வந்தார். தந்திரமாப் பின்வாங்கறது தோல்வியில்லைன்னார். அது நானே ஒரு நோட்டீஸ்ல எழுதின வரி. என்கிட்டயே வந்து சொல்றார்."

"கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்லை. கிழிக்கவும் இல்லை."

வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தைப் படியில் இடித்துக்கொண்டு ஏறினார்கள்.

"உனக்கு என்ன தெரியும்?" என்று அஞ்சுகம் திடீரென்று கத்தினாள். "ஐம்பத்தொரு வயசு. மூணு தோல்வி. நான் கூட்டிட்டுப் போனவங்கள்ல பாதிப் பேர் இன்னிக்கு என்னைப் பார்த்தா எதிர்ப்பக்கம் போறாங்க. மீதிப் பேர் சூப்பர்வைசர் ஆயிட்டாங்க. இந்த ஒரு வேலைதான் மிச்சம். ஒரு வரி. ஒரு கையெழுத்து. அதைப் போட்டா என்ன குறைஞ்சுடும்?"

"அரை அங்குலம்" என்றாள் ஜெசிந்தா.

நோட்டை அஞ்சுகத்தின் பக்கம் திருப்பினாள்.

"எந்த அளவுக்குத் தைக்கப் போறீங்க?"

அஞ்சுகம் கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"பதினஞ்சரைக்கே தைக்கறேன்."

"பையில இருக்கறது?"

"அது இருக்கட்டும். பொய் சொல்ல மாட்டேன். இன்னும் முடிவு பண்ணலை."

ஜெசிந்தா ஊசியில் நூல் கோத்து அவளிடம் நீட்டினாள்.

*

ஞாயிற்றுக்கிழமை கோட்டு முடிந்தது. அஞ்சுகம் போட்டுப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். நடந்தாள். இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக் கதவை முறைத்தாள். பிறகு குனிந்தாள்.

"குனிஞ்சா முதுகுல பிடிக்குது. பிரிச்சுக் கொஞ்சம் துணி விடணும்."

"எதை எடுக்கக் குனிஞ்சீங்க?"

"ஒண்ணும் எடுக்கலை. சும்மா குனிஞ்சு பார்த்தேன்."

"சும்மா குனியாதீங்க."

பொத்தான்கள் மூன்று. மூன்றுக்கும் காஜாவை அஞ்சுகமே கையால் எடுத்திருந்தாள். இரண்டைப் போட்டாள். கீழே இருந்த மூன்றாவதைப் போடாமல் விட்டாள்.

"ஆலையில சார்ட்டுல எழுதியிருப்பான். கடைசிப் பொத்தானைத் திறந்துதான் விடணுமாம். அதுதான் நாகரிகமாம்" என்றாள். "போடக் கூடாத பொத்தானுக்கு எதுக்குக் காஜா எடுக்கச் சொன்னே? கண்ணு போச்சு."

ஜெசிந்தா நூலைப் பல்லால் கடித்தாள்.

"போட வேண்டிய அன்னிக்கு ஓட்டை தேட வேண்டாமே."

அஞ்சுகம் கோட்டைக் கழற்றி மடித்தாள். வாசலில் நின்றாள்.

"வரேன், மாஸ்டர்" என்றாள்.

ஜெசிந்தா தலை நிமிரவில்லை.

"டேப்பைக் கழுத்துல போட்டுட்டுப் போறீங்க. வச்சுட்டுப் போங்க" என்றாள்.

*

திங்கட்கிழமை காலை ஆலை வாசலில் காவலாளி எழுந்து நின்றார். கோட்டைப் பார்த்தார். வெளிநாட்டு ஆர்டர்காரர் அனுப்பிய அம்மா என்று நினைத்து சல்யூட் அடித்தார்.

"நான்தான், மாணிக்கம்" என்றாள் அஞ்சுகம்.

அடித்த சல்யூட்டைத் திரும்ப எடுக்க அவருக்கு வழி தெரியவில்லை.

விசாரணை அறைக்குக் கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் தையல் வரிசைகள். மேனேஜர் சோபாவில் இருந்தார். ஆலை அமர்த்திய விசாரணை அதிகாரி இன்னொரு சோபாவில் இருந்தார், ஓய்வு பெற்றவர், வாயில் ஏலக்காய். நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு மேஜை.

அஞ்சுகத்துக்கு நாற்காலி இல்லை.

மேனேஜர் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"சார், பார்த்தீங்களா? போட்டுப் பார்த்ததுக்கு விசாரணை நடக்குது, இப்ப ஒண்ணைத் திருடியே போட்டுட்டு வந்திருக்கா! இது எங்க கோட்டு. போலீசைக் கூப்பிடுறேன்."

"உங்க கோட்டு இல்லை, சார். வீட்டுல நான் தைச்சது" என்றாள் அஞ்சுகம்.

"நீயா? உனக்கு ஒரு பாக்கெட் மூடியைத் தவிர என்ன தெரியும்?"

கிட்டே வந்தார். இடது பாக்கெட்டைச் சுட்டினார்.

"இதைப் பாருங்க சார். எங்க தையல். அதே வளைவு, அதே இரட்டைக் கோடு. கண்ணை மூடிட்டுச் சொல்வேன்."

"அது என் தையல்" என்றாள் அஞ்சுகம். "பத்தொன்பது வருஷமா உங்க கோட்டுல இருக்கறதும் என் தையல்தான்."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாய்ந்து பார்த்தார். "பேண்ட்டுல ஒரு கால் வெளிறின மாதிரி இருக்கே" என்றார்.

அஞ்சுகம் அவரைத் திருப்பி உற்றுப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க கோட்டுக்கும் என் கோட்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு சார்" என்றாள். "மேனேஜர் சார் போட்டிருக்கறதும் இந்த ஆலையில தைச்சதுதானே?"

"ஆமா. அதுக்கென்ன?" என்றார் மேனேஜர்.

"கை தூக்குங்க, சார்."

"என்ன?"

"ரெண்டு கையும். தலைக்கு மேலே."

மேனேஜர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரிக்கு ஏலக்காய் தீர்ந்திருந்தது. வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது.

"தூக்குங்களேன், சார். நிரூபிக்கறேங்கறாங்க இல்ல."

மேனேஜர் கை தூக்கினார்.

கோட்டு கையோடு கிளம்பியது. காலர் காதை மூடியது. சட்டை பிதுங்கி வெளியே வந்தது. பனியனுக்குக் கீழே தொப்புள் தெரிந்தது.

கண்ணாடிக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு வரிசை தாண்டிப் போனது.

அஞ்சுகம் தன் வலது கையைத் தூக்கினாள். விரல்களை மடக்கினாள். கருநீலக் கோட்டு ஒரு நூலும் அசையவில்லை.

"இறக்கிக்கலாமா?" என்று கேட்டார் மேனேஜர்.

"இறக்கிக்கங்க, சார்" என்றாள் அஞ்சுகம்.

*

"சரிம்மா. கோட்டு உங்களோடதுதான். ஒத்துக்கறேன்" என்றார் அதிகாரி. "இப்ப விஷயத்துக்கு வருவோம். அந்தக் கடிதம்."

கடிதம் அவளுடைய கோட்டின் உள்பையில் இருந்தது.

"ஒரு கையெழுத்து. நாளைக்குக் காலையில உங்க மிஷின்ல உட்காரலாம். கேஸை மூடிடறேன். எனக்கும் வயசாச்சு, உங்களுக்கும் வயசாச்சு."

குரலில் கனிவு இருந்தது. அஞ்சுகம் கனிவுக்குத் தயாராக வரவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். ஏழாவது வரிசை, நான்காவது மிஷின். அவளுடையது. ஒரு புதியவள் உட்கார்ந்திருந்தாள். இடது பாக்கெட் மூடி. அவள் முன்னால் மேஜையில் மூடிகள் குவிந்திருந்தன. கை தடுமாறியது. வளைவு சரியாக வரவில்லை.

நாளைக்கு அங்கே உட்காரலாம்.

அஞ்சுகம் கடிதத்தை எடுத்தாள். மடிப்பைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். 'எனக்கு உரியதல்லாத உடையை நான் அணிந்தேன். மன்னிக்க வேண்டுகிறேன்.' கீழே அவள் பெயர். பெயருக்கு மேலே வெற்றிடம்.

அதிகாரி பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்தார்.

மேஜை முழங்கால் உயரம்.

அவள் குனிந்தாள்.

முதுகில் பிடித்தது. இரண்டு தோளுக்கும் நடுவில், யாரோ கையால் பிடித்துப் பின்னுக்கு இழுப்பதைப் போல. கை பாதி வழியில் நின்றது. பேனா முனை கடிதத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

இன்னும் கொஞ்சம் அழுத்தினால் தையல் விட்டுவிடும். எந்த இடத்தில் விடும் என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் தைத்தது.

நிமிர்ந்தாள்.

"என்னம்மா?"

"குனிஞ்சா பிடிக்குது, சார்."

மேனேஜர் சட்டையை உள்ளே செருகிக்கொண்டிருந்தார். "நாடகம் ஆடறா" என்றார்.

"சின்ன விஷயம்" என்றார் அதிகாரி. அலுப்பாகச் சிரித்தார். "கோட்டைக் கழட்டி அந்தச் சோபாவுல வச்சுட்டுப் போடுங்கம்மா."



ஏழாவது வரிசையில் ஒரு மிஷின் நின்றது. பக்கத்தில் இன்னொன்று நின்றது.

அஞ்சுகம் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

பிறகு இரண்டு கைகளாலும் கோட்டை இழுத்துச் சரிசெய்து மூன்றாவது பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.